மானுக்கு என்று எழுதிய பெட்டி

காலை ஆறு இருபது. முதலில் பார்த்தது ஒரு பசுவின் கீழ் இமையின் உட்பக்கம். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சைத் தோலின் உட்புறம் போல வெளிறி, லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. விரலை எடுத்தேன். மாடு தலையைத் திருப்பவில்லை. கண்ணில் விரல் வைத்தும் திமிறாத மாடு தெம்பில்லாத மாடு. இதைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இடம் நெமிலிச்சேரி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு பக்கம் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸின் நீண்ட மதில், மறுபக்கம் ஏரிக்குப் போகும் வாய்க்கால், நடுவில் ஒரே தெரு. அந்தத் தெருவில் அப்போது ஏழு வீடுகளில் மாடு இருந்தது. நான் பார்த்த பசுவின் சொந்தக்காரர் மும்தாஜ் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். வீட்டின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஐந்து கலப்பினப் பசுக்கள். காலையும் மாலையும் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குள் போய்ப் பால் ஊற்றுவார். உள்ளே இருந்த குடும்பங்கள் திருநெல்வேலி, தருமபுரி, சிவகங்கை என்று பல ஊர்க்காரர்கள். கறந்த பால்தான் வேண்டும் என்று காத்திருந்து வாங்குவார்கள்.

புதிதாகப் பணியில் சேர்ந்த உங்களில் சிலர் போன மாதம் என்னிடம் கேட்டீர்கள், உண்ணியாலும் ஈயாலும் வரும் ரத்த நோய்களில் எதைக் கண்டு அதிகம் தடுமாறினீர்கள் என்று. எந்த நோயைக் கண்டும் நான் பெரிதாகத் தடுமாறியதில்லை. மருந்தின் அளவும் நாளும் புத்தகத்திலேயே இருக்கின்றன. தடுமாறியது வேறு இடத்தில். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"ரெண்டு நாளா தீனி தொடல டாக்டர். சாணி கட்டியா போடுது. நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது," என்றார் மும்தாஜ்.

"மூத்திரம் என்ன நிறம்?"

"மஞ்சளா கீது. காபி கலர் இல்ல. அத தான் மொதல்ல பாத்தேன்."

காபி நிறமாக இருந்தால் அது வேறொரு உண்ணி நோய். அவருக்கு அது தெரிந்திருந்தது. நான் சொல்லாமலே வாளியில் பிடித்தும் வைத்திருந்தார்.

பக்கத்துக் கொட்டகை ஏகாம்பரத்துடையது. ஆறு மாடு. பல் குச்சியை மென்றுகொண்டே குட்டைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னா சார், கோமாரி ஊசி போட்டுகினு போனீங்க. அஞ்சு வாரத்துல மாடு பட்த்துகிச்சே. கவர்மென்ட்டு ஊசின்னா சும்மாவா!"

"வாய வச்சிகினு சும்மா இரு அண்ணாத்தே," என்றார் மும்தாஜ். "ஒன் மாட்டு மேல உண்ணி வேர்க்கடலையாட்டம் தொங்குது. அத எடு மொதல்ல."

"அது எம் பொண்ணுங்களுக்கு நான் போட்ட நகை தங்கச்சி."

சிரித்தேன். அந்தத் தெருவில் நான் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

காது நரம்பில் ஊசி முனையால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்தேன். ரத்தம் தண்ணீர் கலந்த சர்பத் போல ஓடியது. கால்நடை மருந்தகத்துக்குத் திரும்பிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மணி எட்டு ஐந்து. சிவப்பணுக்களின் விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளிகள், எண்ணத் தேவையில்லாத அளவுக்கு. அனபிளாஸ்மா. நோயுள்ள மாட்டின் ரத்தம் துளியளவு இன்னொரு மாட்டின் உடலுக்குள் போனால் போதும், சில வாரங்களில் அந்த மாட்டின் ரத்தம் கரையத் தொடங்கும். சாதாரணமாக அந்தத் துளியைக் கொண்டுபோவது உண்ணி. அடுத்தது கடிக்கிற மாட்டு ஈ. புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு வரி உண்டு, ரத்தம் பட்ட கருவிகள் வழியாகவும் பரவும் என்று. தேர்வில் அதை விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் மும்தாஜின் இன்னும் இரண்டு மாடுகள் தீனியை நிறுத்தின. அடுத்த வீட்டுத் தையல்காரரின் மாடு ஒன்று படுத்தது. மருந்து கொடுத்தேன். சரியான மருந்துதான், ஆனால் தாமதம். ஏழு மாதச் சினையாக இருந்த மாடு கன்றைப் போட்டுவிட்டு அன்று மதியமே இறந்தது. அதுதான் மும்தாஜின் ஐந்தில் அதிகம் கறந்தது. நான்காம் நாள் அவருடைய இன்னொன்றும் போனது.

அந்த நாலு நாளில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மும்தாஜின் மாடுகளில் உண்ணி இல்லை. காதுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், குளம்புப் பிளவில் என்று தேடிவிட்டேன். அவர் காலையில் கறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மாட்டையும் கையால் தடவி, கிடைக்கிற உண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போடுகிறவர். பாட்டிலின் அடியில் பழையவை கிடந்தன. புதியது ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் ஆறு மாடுகளிலும் உண்ணி அப்பியிருந்தது. ஆறும் ஆரோக்கியமாக அசை போட்டுக்கொண்டிருந்தன.

உண்ணி உள்ள இடத்தில் நோய் இல்லை. நோய் உள்ள இடத்தில் உண்ணி இல்லை. ஈ என்று வைத்துக்கொண்டால், ஈக்குக் குட்டைச் சுவர் தெரியாது.

நான்காம் நாள் மாலை முகாம் பதிவேட்டை எடுத்தேன். ஆவணியில் அந்தத் தெருவில் போட்ட கோமாரித் தடுப்பூசிக்கான பதிவேடு. காது வில்லை எண், உரிமையாளர் பெயர், வரிசை எண். நானே எழுதியது. பதினேழாவது மாடு மூலை வீட்டு வியாபாரியுடையது, சந்தையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை மும்தாஜின் ஐந்து. இருபத்து மூன்று முதல் இருபத்தைந்து வரை தையல்காரரின் மூன்று. இருபத்தாறிலிருந்து ஏகாம்பரம்.

ஒரு பாட்டில் மருந்து இருபத்தைந்து மாட்டுக்கு. பாட்டில் மாறும்போது ஊசி முனையையும் மாற்றுவது அன்றைக்கு எங்கள் பழக்கம். நடுவில் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்போம். பதினேழுக்கு முன்னால் இருந்த பதினாறு மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபத்தைந்துக்குப் பிறகு ஒன்றுக்கும் ஆகவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் நான்கு படுத்தன, அடுத்த வாரம் ஐந்தாக ஆனது.

மறுநாள் காலை மூலை வீட்டுக்குப் போய்ப் பதினேழாம் எண் மாட்டின் ரத்தத்தை எடுத்தேன். பார்வைக்கு நல்ல மாடு. ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளி. எப்போதோ நோய் வந்து, பிழைத்து, ரத்தத்தில் கிருமியோடு நடமாடிக்கொண்டிருந்த மாடு. அதன் தோளில் குத்திய ஊசியை எடுத்து நான் அடுத்த கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறேன். உண்ணி செய்யும் வேலையைச் செய்தது நான்.

முகாம் நாளைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டையும் நான் ஓய்வு பெறும்வரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று. அன்று காலை தன் முதல் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மும்தாஜ் கேட்டார்.

"ஊசி மாத்த மாட்டீங்களா டாக்டர்?"

"எதுக்கும்மா? ஸ்பிரிட்ல துடைச்சிருக்கேன் பாருங்க."

"இல்ல, ஆஸ்பத்திரில எம் பொண்ணுக்குப் போடும்போது பாக்கெட்ட கண்ணு முன்னால பிரிக்கிறாங்க. அதான் கேட்டேன்."

"மாட்டுத் தோல் தடிமன். ஒண்ணும் ஆகாது."

தோல் தடிமனுக்கும் அவர் கேட்டதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அது அப்போதே தெரியும். மணி ஒன்பதாகியிருந்தது, பதினொன்றுக்கு வேறொரு வேலை இருந்தது.

அந்த வேலைதான் இரண்டாவது விஷயம். குவார்ட்டர்ஸ் வளாகத்துக்குள் கம்பி வேலி போட்ட ஒரு மான் கொட்டடி இருந்தது. புள்ளிமான்கள். முந்தைய வாரம் ஒரு பெண் மான் செத்துக் கிடந்தது. வனத்துறை ஆட்கள் முன்னிலையில் நான்தான் அறுத்துப் பார்த்தேன். வயிற்றில் பாலித்தீன் பை, பிஸ்கட் உறை, இறுகிய உருண்டையாக. சாவுக்குக் காரணம் அதுதான் என்று எழுதியும் கொடுத்தேன். வளாகத்தைப் பராமரிக்கும் எஸ்டேட் அலுவலருக்கு அது போதவில்லை. மற்ற மான்களுக்கு உண்ணியாலோ ஈயாலோ வருகிற ரத்த நோய் எதுவும் இல்லை என்று சான்று வேண்டும் என்றார். வனத்துறையின் அனுமதிக் கடிதம் வந்தது. அதில் தெளிவாக இருந்தது, ஒவ்வொரு மானுக்கும் தனி ஊசி, தனிக் குழாய். அதற்காக மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி புது ஊசி கொடுத்தார்கள். நூறு ஊசி. மூடி மேல் கிடங்குக்காரர் நீல மையில் 'மானுக்கு' என்று எழுதியிருந்தார்.

மும்தாஜ் என்னிடம் ஊசி மாற்றச் சொன்னபோது அந்தப் பெட்டி என் தோள் பையில் இருந்தது.

நீங்கள் கேட்கலாம், எடுத்துப் போட்டால் என்ன என்று. அரசு மருந்தகத்தில் வேலை செய்யாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஒரு தலைப்பில் வந்த பொருளை இன்னொரு தலைப்பில் செலவு செய்வது எங்களுக்குப் பழக்கமில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. தோன்றி, வேண்டாம் என்று விட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் மேலானவன்.

பதினொன்றுக்குக் கொட்டடிக்குப் போனோம். வலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணைத் துணியால் மூடி, ரத்தம் எடுத்தோம். எஸ்டேட் அலுவலர் வெள்ளைச் சட்டையில் பக்கத்திலேயே நின்று, நான் ஒவ்வொரு ஊசியையும் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போடுகிறேனா என்று பார்த்தார். பன்னிரண்டு மான், பன்னிரண்டு ஊசி. எல்லா ஸ்லைடும் சுத்தம். எண்பத்தெட்டு ஊசி மிச்சம்.

இனி, பதிவேட்டோடு நான் போய் நின்ற அறை. எனக்கு மேலே இருந்த அதிகாரி, என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். சேர்ந்த புதிதில் ஸ்லைடு படிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். புள்ளி எது, சாயத் துகள் எது என்று என் தலையில் குட்டிச் சொல்லித் தந்தவர். பதிவேட்டையும் ஸ்லைடுகளையும் மேசையில் வைத்தேன். நான் விளக்கி முடிப்பதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

"பதினேழு யாரோடது?"

"மூலை வீட்டு வியாபாரி சார். சந்தை மாடு."

"நீடில் எப்ப மாத்தின?"

"பாட்டில் மாறும்போது."

"எல்லாரும் அப்படித்தான்யா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன எழுதப் போற?"

"இதத்தான் சார்."

"எழுது. முகாம் ஊசியால நோய் பரவிச்சுன்னு ஒரு வரி எழுது. சாயங்காலம் வாட்ஸ்அப்ல சுத்தும். அடுத்த ரவுண்டுக்கு ஆவடியில இருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒருத்தன் மாட்ட வெளிய அவுக்க மாட்டான். கோமாரி வந்தா கன்னுக்குட்டியெல்லாம் கொத்துக் கொத்தா விழும். அப்ப நீ போய் பதில் சொல்லுவியா?"

"அந்தக் கொட்டகையில உண்ணி இல்ல சார்."

"உண்ணின்னு எழுது. உண்ணி வந்து மறுப்புக் கடிதம் கொடுக்காது."

அவர் கெட்டவர் இல்லை. சொன்ன கணக்கிலும் பிழையில்லை. அடுத்த முகாமுக்கு மாடு வராமல் போயிருந்தால் இதைவிடப் பெரிய சாவு நடந்திருக்கும். நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அவர் சொல்லாத ஒன்றும் அறையில் இருந்தது. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை ஒன்று வந்தால் பென்சன் நிற்கும். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு நல்ல காரணமும் ஒரு சொந்தக் காரணமும் ஒரே பக்கம் நின்றால், நாம் எதற்காகச் செய்தோம் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அறிக்கையை மருந்தகத்துக் கணினியில் தட்டினேன். புதிதாகத் தொடங்கச் சோம்பல். மான்களுக்குக் கொடுத்த சான்றிதழ்க் கடிதத்தைத் திறந்து, பெயரையும் பொருளையும் மாற்றி, அதன் மேலேயே எழுதினேன். நாம் எல்லோரும் செய்வதுதான். "நோய்: அனபிளாஸ்மா. பரவிய விதம்: உண்ணி மற்றும் கடிக்கும் ஈக்கள். காரணம்: தொழுவச் சுகாதாரக் குறைவாக இருக்கலாம். பரிந்துரை: உண்ணிக் கட்டுப்பாடு." உரிமையாளர்கள் என்ற இடத்தில் மும்தாஜின் பெயரும் தையல்காரர் பெயரும். கையெழுத்துப் போட்டேன்.

'சுகாதாரக் குறைவு' என்ற சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. உண்ணி என்று எழுதியதும் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கை தானாக எழுதியது.

கடிதத்தின் அடியில் மான் சான்றிதழுக்குப் போட்ட நகல் பட்டியல் அப்படியே இருந்தது. எஸ்டேட் அலுவலகத்துக்கு ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று. கையெழுத்துப் போடும்போது கண்ணில் பட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மதிலுக்கு உள்ளே மான். மதிலுக்கு வெளியே உண்ணி பிடித்த மாடு என்று அரசு மருத்துவர் கையெழுத்தோடு ஒரு காகிதம். எஸ்டேட் அலுவலர் அன்றே உள்ளாட்சிக்கு எழுதிவிட்டார். மும்தாஜ் குவார்ட்டர்ஸுக்குள் போகத் தந்திருந்த அனுமதிச் சீட்டை முதல் வேலையாக நிறுத்தினார்கள். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் நோட்டீஸ் வந்தது. குடியிருப்புப் பகுதியில் சுகாதாரக் கேடு, பதினைந்து நாளில் மாடுகளை அகற்ற வேண்டும். இரண்டு வீட்டுக்கு மட்டும். ஏகாம்பரத்துக்கு இல்லை, அவர் பெயர் என் அறிக்கையில் இல்லாததால்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருந்தகம் திறந்தபோது வாசல் கம்பியில் ஒரு மாடு கட்டியிருந்தது. மும்தாஜ் நனைந்த முக்காட்டோடு நின்றிருந்தார். துணைக்கு ஏகாம்பரம். வரிசையில் ஆட்டுக்காரர்கள், நாய் கொண்டுவந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர்.

"தேடுங்க டாக்டர்," என்றார்.

"என்னம்மா?"

நோட்டீஸைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். "உண்ணின்னு போட்டுகீது. எம் மாட்டு மேல ஒரு உண்ணி எடுத்துக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இப்டியே ஓட்டிகினு போயிடறேன், அந்தத் தெருவுக்கே வரமாட்டேன்."

"தங்கச்சி, டாக்டர் இன்னா பண்ணுவாரு..." என்று ஏகாம்பரம் தொடங்கினார்.

"நீ கம்முனு கெட. ஒன் மாட்டுல இருந்து ஒண்ணு தாவி வந்தா அதுக்கும் எம் பேரத் தான் போடுவாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தேடினேன். எல்லோரும் பார்க்க, கால் மணி நேரம். காது மடலைப் புரட்டி, வாலைத் தூக்கி, மடிக்குக் கீழே குனிந்து. இல்லை என்பது தொடங்கும்போதே எனக்குத் தெரியும். தேடுவது போல நடிப்பதில் நான் காட்டிய கவனத்தை முகாமில் ஊசியில் காட்டியிருக்கலாம்.

"இல்லம்மா."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இன்ன தேதியில் இன்ன காது வில்லை எண் கொண்ட பசுவைப் பரிசோதித்ததில் உண்ணி எதுவும் காணப்படவில்லை. முத்திரையும் போட்டேன். படித்துப் பார்த்து மடித்து அதே உறைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எப்டி வந்துச்சு டாக்டர்?"

இதுதான் நான் சொன்ன தடுமாற்றம். வாசலில் மழை. மேசை மேல் அந்தப் பதிவேடு, அவர் கைக்கு எட்டும் தூரத்தில். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எட்டுப் பேர் கேட்டிருப்பார்கள்.

"ஈ மூலமாவும் வரும்," என்றேன்.

"ஈ எல்லா மாட்டு மேலயும் தான் ஒக்காருது." ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவரு மாட்டுக்கு ஏன் வரல?"

ஏகாம்பரம் மாட்டைப் பார்க்க வாசலுக்கு நகர்ந்தார்.

"சொல்ல முடியாதும்மா, சில மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும்," என்றேன். அறிவியல்படி அதுவும் பொய் இல்லை. என் அறிக்கையில்கூடத் தனியாக எடுத்தால் எந்த வரியும் முழுப் பொய் இல்லை. அனபிளாஸ்மா உண்ணியால் பரவும். ஈயாலும் பரவும். எழுதுகிற ஒவ்வொரு வரியும் பாடப் புத்தகத்தில் இருப்பதால் எழுதியவன் யோக்கியன் என்று ஆகிவிடாது.

என் சான்றிதழை உள்ளாட்சியில் ஏற்கவில்லை. இது இன்றைய நிலை, அறிக்கை அன்றைய நிலையைச் சொல்கிறது என்றார்களாம். தேதியைப் பார்த்தால் அவர்கள் சொன்னதும் சரி.

அந்தப் பதினைந்து நாளில் நான் ஒரு கடிதம் எழுதினேன். முதல் அறிக்கையைத் திருத்தி, வரிசை எண்களோடு, பதினேழாம் மாட்டின் ஸ்லைடு விவரத்தோடு, ஊசி பற்றிய வரியோடு. இரண்டு பக்கம். கையெழுத்தும் போட்டு உறையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் உள்ளாட்சி அலுவலக வாசல் வரை போனேன். உள்ளே கூட்டம் நடக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று காவலாளி சொன்னார். நாளைக்கு என்று அவர் சொன்னதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னால் மறக்க முடியாது. நாளைக்கு நான் போகவில்லை.

மிச்சமிருந்த மூன்று மாடுகளையும் பதினான்காம் நாள் ஒரு மினி லாரி ஏற்றிக்கொண்டு போனது. மழையில் வந்த விலைக்கு. தையல்காரர் தன் மாடுகளை ஊர்ப்பக்கம் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார். ஏகாம்பரம் தன் கொட்டகையில் இடம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மும்தாஜ் மறுத்துவிட்டார். அடுத்த முகாம் மாசியில் நடந்தது. நல்ல கூட்டம். அதிகாரி மேடையில் என்னைப் பாராட்டினார்.

இப்போது உங்களுக்கு ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி என்று விதி இருக்கிறது, ஊசியும் தாராளமாக வருகிறது. அதனால் அதைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேறு சிலது சொல்கிறேன். நோய் பரவிய வழி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அந்தச் சொல்லால் யாருடைய கொட்டகையையும் யாரும் காலி செய்ய வைக்க முடியாது. பழைய கடிதத்தின் மேல் புதிய கடிதத்தை எழுதாதீர்கள். எழுதினால் கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கு நகல் என்பதைப் படியுங்கள். உங்கள் தவறு அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கும், அது எங்கே போகிறது என்பது பிறகு உங்கள் கையில் இல்லை. மாட்டுக்காரர் உங்களிடம் கேள்வி கேட்கும்போது, முதலில் வாயில் வரும் பதிலை நம்பாதீர்கள். எனக்கு இரண்டு முறை கேள்வி வந்தது, ஒன்று முகாமில், ஒன்று மருந்தகத்தில். இரண்டு முறையும் பதில் உடனே வந்தது.

ஓய்வு பெற்றேன். பென்சன் உத்தரவு வந்த மறு வாரம் மும்தாஜைத் தேடிப் போனேன். காட்டுப்பாக்கத்தில் தங்கை வீட்டோடு இருக்கிறார் என்று ஏகாம்பரம்தான் சொன்னார். போரூர் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. வீட்டு முன்னறையில் ஒரு சின்னக் கடை. சோப்பு, பிஸ்கட், முட்டை, ஒரு ஃபிரிட்ஜ். சாயங்காலம் ஐந்து மணி.

"வாங்க டாக்டர். இந்தப் பக்கம் எங்க?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சொன்னேன். பதினேழாம் எண் மாடு, அதன் ரத்தம், அவருடைய ஐந்து மாடுகளுக்கும் போன அதே ஊசி, பையில் இருந்த பெட்டி, அறிக்கை, கொடுக்காத கடிதம். இடையில் ஒரு சிறுமி வந்து இரண்டு முட்டை கேட்டாள். தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். முழுவதும் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது.

முட்டைத் தட்டை உள்ளே தள்ளி வைத்தார்.

"அன்னிக்கு மாட்ட கட்டிகினு நின்னேனே, அப்ப தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தேடும்போதே தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பென்சன் வந்துடுச்சா டாக்டர்?"

"வந்துடுச்சு."

"எப்ப?"

"போன வாரம்."

வாசலில் ஹாரன் அடித்தது. ஐந்தரை மணிப் பால் வண்டி. மும்தாஜ் எழுந்து போய், பிளாஸ்டிக் டப்பில் வந்த பாக்கெட்டுகளை இறக்கி ஃபிரிட்ஜில் அடுக்கினார்.